பனிக்குடம் உடைந்துவிட்டது, வலி வரவில்லை: வலி ஊசி எதற்காக?

ஆடி மாதம். கூடலூர்ப் பக்கம் மூன்று நாளாக விடாத மழை. மதியம் 2 மணி இருக்கும், மருத்துவமனை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள். முதல் பிரசவம், 39 வாரம். பாவாடை நனைந்திருந்தது, உடம்பு சுட்டது.

“தண்ணி எப்பம்மா உடைஞ்சுச்சு?” என்று கேட்டேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். அவர்தான் பதில் சொன்னார். “நேத்து ராத்திரி சாப்பிட்டு முடிச்சப்ப சிஸ்டர். வலி வரட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போவோம்னு இருந்தோம்.”

கணக்குப் போட்டால் 17 மணி நேரம். தாய்க்கு 101 டிகிரி காய்ச்சல். உடனே ஆன்டிபயாட்டிக், வலி வருவதற்கு ட்ரிப்ஸ் என்று எல்லாம் தொடங்கி, அன்று இரவே குழந்தை பிறந்தது. ஒரு வாரம் குழந்தைகள் பிரிவில் ஊசி மருந்து போட்டுத்தான் அனுப்ப முடிந்தது. இருவரும் நலமாகத்தான் வீடு போனார்கள்.

அந்தக் குடும்பத்தை அக்கறையில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த மாமியார் இரவெல்லாம் தூங்காமல் மருமகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். நாம் கேட்டு வளர்ந்த பிரசவக் கதைகள் எல்லாமே வலியில்தான் தொடங்குகின்றன. இடுப்பு வலி எடுக்கும், வண்டி வரும், போவோம். வலியே இல்லாமல் பிரசவம் தொடங்கக்கூடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நீலகிரியின் பிரசவ அறைகளில் செவிலியராகப் பல வருடம் நின்றவள் என்ற முறையில், அதை இங்கே சொல்கிறேன்.

குடமும் நீரும்

பனிக்குடம். எவ்வளவு அழகான சொல்! கர்ப்பப்பைக்குள் குழந்தையைச் சுற்றி ஒரு சவ்வுப் பை இருக்கிறது. உண்மையில் அது இரண்டு மெல்லிய சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது. அதற்குள் இருக்கும் நீரில்தான் குழந்தை மிதக்கிறது. 34 வாரத்தில் சுமார் 800 மில்லி லிட்டர் இருக்கும் அந்த நீர், 40 வாரத்தில் சுமார் 600 மில்லி லிட்டராகக் குறையும். கர்ப்பத்தின் பிற்பாதியில் அதில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். குழந்தை அதைக் குடிக்கும், மறுபடி சிறுநீராக விடும். கேட்க ஒரு மாதிரி இருக்கலாம், ஆனால் அந்த நீர் சுத்தமானது. குழந்தை கை கால் நீட்டி மடக்க இடம் தருவதும், தொப்புள்கொடி நசுங்காமல் பார்த்துக்கொள்வதும் அதுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய பயம் போகும். “தண்ணியெல்லாம் போயிருச்சு, புள்ள உள்ள வறண்டு கிடக்கு” என்று அழுதுகொண்டு வருபவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குடம் உடைந்த பிறகும் குழந்தை சிறுநீர் விட்டுக்கொண்டேதான் இருக்கும், நீர் ஊறிக்கொண்டேதான் இருக்கும். முழுக்க வறண்டுபோவதில்லை. நீர் குறைவதால் சில நேரம் கொடி அழுந்தலாம். அதனால்தான் குழந்தையின் இதயத்துடிப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடித்தால் அது இயல்பான வேகம்.

வழக்கமாக முதலில் வலி வரும், கர்ப்பப்பை வாய் மெல்லத் திறக்கும், அதற்கிடையில் எப்போதாவது குடம் உடையும். 37 வாரம் நிறைந்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 8 பேருக்கு இந்த வரிசை மாறிவிடுகிறது. குடம் முதலில் உடைகிறது, வலியைக் காணோம். கேஸ் ஷீட்டில் இதை ‘ப்ராம்’ என்று எழுதுவோம். வார்டில் யாராவது “இவங்க ப்ராம் கேஸ்” என்று பேசிக்கொண்டால் மிரள வேண்டாம், இதைத்தான் சொல்கிறார்கள். 37 வாரத்துக்கு முன்னால் உடைவது வேறு கதை. அங்கே குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சியைப் பற்றி யோசிக்க வேண்டும், வைத்தியமும் வேறு. நான் சொல்லப்போவது மாதம் நிறைந்தவர்களுக்கு மட்டும்.

ஏன் முன்னாலேயே உடைகிறது? கடைசி வாரங்களில் அந்தச் சவ்வு தானாகவே மெலிந்து பலம் குறையும். பிறப்புக்கான தயாரிப்பில் அதுவும் ஒன்று. கிருமித் தொற்று, அளவுக்கு மீறிய பனிநீர், இரட்டைக் குழந்தை போன்றவை காரணமாகலாம். பல பேருக்குக் காரணம் என்று எதையுமே சுட்டிக்காட்ட முடியாது. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மலையில் வீட்டுக்குப் போனாலே ஏற்றம்தான், தண்ணீர்க் குழாய்க்குப் போனால் இறக்கம்தான். குடம் உடைந்தவுடன் “நீ அன்னிக்குப் படியேறினே, அதான்” என்றும், “பஸ்ல ஏன் போனே” என்றும் அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். மாதம் நிறைந்த பெண் வழக்கமாக ஏறும் படியை ஏறியதால் குடம் உடைவதில்லை. அவள் மேல் ஒரு தவறும் இல்லை. பிரசவத்துக்குப் போகிறவளிடம் அந்த நேரத்தில் சொல்லக்கூடாத வார்த்தை அது.

சிறுநீரா, பனிநீரா

எல்லாருக்கும் குபுக்கென்று கொட்டாது. சிலருக்குச் சொட்டுச் சொட்டாக உள்ளாடை நனைந்துகொண்டே இருக்கும். குழந்தையின் தலை இறங்கி கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் கசியும். கடைசி மாதத்தில் சிரித்தாலோ இருமினாலோ சிறுநீர் கசிவதும் சாதாரணம் என்பதால் குழப்பம் வருகிறது. சிறுநீரை அடக்க முடியும், பனிநீரை அடக்க முடியாது. சிறுநீருக்கு அதன் வாடை இருக்கும், பனிநீர் வாடையே இல்லாமலோ லேசான ஒரு இனிப்பு வாடையோடோ இருக்கும். சுத்தமான நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பாருங்கள். எழுந்து நிற்கும்போதெல்லாம் நனைந்தால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். சந்தேகமாகவே இருந்தாலும் கிளம்புங்கள். வந்து பார்த்துவிட்டு “இது வெறும் சிறுநீர்தான், வீட்டுக்குப் போ” என்று அனுப்பியதில் எங்களுக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை.

மருத்துவமனையில், கிருமி நீக்கிய ஒரு கருவியால் பிறப்புறுப்பை மெல்ல விரித்துப் பார்ப்பார்கள். பின்பக்கம் நீர் தேங்கியிருந்தால் அதுவே போதும். சில இடங்களில் ஒரு பட்டைத்தாளை அதில் நனைப்பார்கள். பிறப்புறுப்பின் ஈரம் அமிலத்தன்மை உள்ளது, பனிநீரோ காரத்தன்மைப் பக்கம் சாய்ந்தது. அதனால் தாள் நீலமாகும். இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சொட்டை கண்ணாடித் தகட்டில் தடவி உலர வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரணி இலை போலப் படர்ந்திருக்கும். பனிநீரில் இருக்கும் உப்பு படிகமாவதால் வரும் கோலம் அது. சோலைக் காட்டு ஓடையோரம் விரிந்து நிற்கும் பெரணியை அப்படியே சின்னதாக்கித் தகட்டில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பெரணிகளுக்கென்றே ஒரு இல்லம் உண்டு. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு லேபின் ஞாபகம்தான் வரும்.

நிறத்தையும் கவனியுங்கள். பனிநீர் தெளிவாக, அல்லது லேசாக வெளுத்து, சில நேரம் இளஞ்சிவப்புச் சாயலோடு இருக்கும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். கெட்ட வாடை வந்தால் கிருமி வளர்ந்திருக்கலாம். சிவப்பாக ரத்தமே வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்துவிட்டாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

உடைந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது

குடம் முழுதாக இருக்கும் வரை உள்ளே இருப்பது மூடிய வீடு. பிறப்புறுப்பில் எல்லாப் பெண்களுக்குமே கிருமிகள் உண்டு. அவை அங்கே இருப்பது இயல்பு, அங்கே இருக்கும் வரை தொல்லையும் இல்லை. குடம் உடைந்ததும் கதவு திறந்துவிடுகிறது. கிருமிகள் மெல்ல மேலே ஏறலாம். ஏறினால் சவ்வுகளிலும் நீரிலும் தொற்று பிடித்து, தாய்க்குக் காய்ச்சலும் குழந்தைக்கு நிமோனியா, ரத்தத்தில் கிருமி போன்றவையும் வரலாம்.

இதன் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குடம் உடையாமல் பிரசவம் தொடங்கும்போது கடுமையான தொற்று வருவது 200 குழந்தைகளில் ஒன்றுக்கு. மாதம் நிறைந்து, வலிக்கு முன்னால் குடம் உடைந்தால் அது 100-ல் ஒன்றாகிறது. இரண்டு மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் 100-ல் 99 குழந்தைகளுக்கு அப்படிக் கடுமையான தொற்று வருவதில்லை என்பதும் அதே கணக்குத்தான். ஆகவே பதற வேண்டாம், ஆனால் நேரத்தைச் சும்மா போகவிடவும் வேண்டாம். நேரம் நீள நீள அபாயம் ஏறும். விரல் விட்டு உள்ளே பார்க்கும் ஒவ்வொரு முறையும் அபாயம் கொஞ்சம் கூடும். வலியே தொடங்காத பெண்ணை “எத்தனை விரல் திறந்திருக்கு” என்று அடிக்கடி உள்ளே பார்ப்பது நல்ல பழக்கமில்லை. நீங்களோ உங்கள் வீட்டாரோ “இப்போ பார்க்கறது அவசியமா சிஸ்டர்?” என்று தயங்காமல் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ளும் ஆள் இருக்கலாம், இருந்தாலும் கேளுங்கள்.

ஆக, குடம் உடைந்த நேரம் எங்களுக்கு அத்தனை முக்கியம். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை வைத்துத்தான் ஆன்டிபயாட்டிக் போடுவதா, வலி ஊசியை எப்போது தொடங்குவது, பிறந்த குழந்தையை எவ்வளவு நேரம் கண்காணிப்பது என்று எல்லாம் முடிவாகும். 18 மணி நேரம் தாண்டினால் பல மருத்துவமனைகளில் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவார்கள். கோத்தகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவர், மனைவிக்குக் குடம் உடைந்த நேரத்தைப் பால்பாயின்ட் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தார். 4.20 என்று இருந்தது. அந்த மாதிரி ஒரு தகப்பன் கிடைத்தால் வார்டில் பாதி வேலை முடிந்தது.

காத்திருக்கலாமா, வலி வரவழைக்கலாமா

தானாகவே வலி வந்துவிடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குடம் உடைந்தவர்களில் 100-க்கு 60 பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாகவே வலி வந்துவிடும். அப்புறம் ஏன் மருந்து?

இதற்குப் பதில் தேடி ஒரு பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. 1996-ல் வெளியானது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட 6 நாடுகளில் 72 மருத்துவமனைகள், 5,041 பெண்கள். எல்லாரும் மாதம் நிறைந்து, வலியில்லாமல் குடம் உடைந்தவர்கள். சிலருக்கு உடனே வலி வரவழைத்தார்கள், சிலரை 4 நாள் வரை காத்திருக்க வைத்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள், அப்போதுதான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். முடிவு என்ன? சிசேரியன் அளவு எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 10 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தைக்குத் தொற்று 2 முதல் 3 சதவீதம், அதிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் தாய்க்கு வரும் தொற்றில் வித்தியாசம் தெரிந்தது. வலி வரவழைக்கும் ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ் உடனே போட்டவர்களில் 4 சதவீதம், காத்திருந்தவர்களில் 8.6 சதவீதம். தங்களுக்குக் கிடைத்த கவனிப்பைப் பற்றிக் கேட்டபோது, உடனே வலி வரவழைத்துக்கொண்டவர்களே கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள்.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சிசேரியன் கணக்கு. “ஊசி போட்டா கடைசியில ஆபரேஷன்லதான் போய் நிக்கும்” என்பது நம் ஊரில் வேரோடிய நம்பிக்கை. இந்தச் சூழ்நிலையில், அதாவது மாதம் நிறைந்து குடம் உடைந்த நிலையில், வலி வரவழைப்பதால் சிசேரியன் கூடவில்லை. ஊசி போட்ட ஒருவருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கும், அதை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஊசி போட்டுச் சுகப்பிரசவம் ஆனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கண்ணெதிரே எத்தனையோ பேருக்கு அப்படிப் பிறந்ததைப் பார்த்தவள் நான்.

உலக சுகாதார நிறுவனமும் மாதம் நிறைந்த நிலையில் குடம் உடைந்தால் வலி வரவழைப்பதைப் பரிந்துரைக்கிறது. அதேசமயம் தாயும் சேயும் நலமாக இருந்து, நீர் தெளிவாக இருந்தால், ஏறத்தாழ 24 மணி நேரம் வரை தானாக வலி வரட்டும் என்று பொறுப்பதும் ஏற்கத்தக்க வழிதான். பிரிட்டனின் வழிகாட்டுதல் இந்த இரண்டையும் தாயின் முன்னால் வைத்து அவளையே கேட்கச் சொல்கிறது. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், காத்திருப்பதில் தப்பில்லை, ஆனால் மலையில் இருப்பவர்கள் அந்தக் காத்திருப்பை மருத்துவமனைக்குள் காத்திருக்க வேண்டும். வீட்டில் இல்லை. 

காத்திருக்கவே கூடாதவர்களும் உண்டு. நீர் பச்சையாக இருப்பவர்கள், காய்ச்சல் இருப்பவர்கள், குழந்தையின் துடிப்பில் மாற்றம் தெரிபவர்கள், ஜி.பி.எஸ். (குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்) என்ற கிருமி இருப்பதாக முன்பே சோதனையில் தெரிந்தவர்கள் எல்லாரும் இதில் வருவார்கள். குழந்தை குறுக்காக இருந்தாலோ முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ முடிவு முழுக்க வேறு மாதிரி போகும், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ட்ரிப்ஸில் என்ன நடக்கிறது

முதலில் கர்ப்பப்பை வாய் தயாரா என்று பார்ப்பார்கள். மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள், அந்த விறைப்பு இருந்தால் வாய் இன்னும் கனியவில்லை. உதட்டைத் தொட்டுப் பாருங்கள், அந்த மென்மை வந்துவிட்டால் கனிந்துவிட்டது. கனியாத வாய்க்கு மாத்திரையோ ஜெல்லோ உதவும். மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரையை 25 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை வாய்வழியாகக் கொடுப்பது ஒரு முறை. கடையில் கிடைக்கும் மாத்திரை ஒன்று 200 மைக்ரோகிராம் வரை இருக்கும், அதாவது 8 மடங்கு. யாரோ சொன்னார்கள் என்று வாங்கி வீட்டில் விழுங்கினால் கர்ப்பப்பை கிழிந்தே போகலாம். ஜெல்லை உள்ளே வைப்பார்கள்.

கனிந்த வாய்க்கு ஆக்ஸிடோசின். நாம் ‘வலி ஊசி’ என்று சொல்வது இதைத்தான், உண்மையில் அது ட்ரிப்ஸில் கலந்து போவது. நம் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இயற்கையாகவே வரும் ஹார்மோன் இது. அந்தச் சுரப்பியின் சாறு கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது என்று 1906-ல் ஹென்றி டேல் கண்டறிந்தார். 1953-ல் வின்சென்ட் டு விக்னோட் அதை ஆய்வுக்கூடத்தில் செய்தே காட்டினார், 1955-ல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார். குழந்தை பால் குடிக்கும்போது தாய்க்குப் பால் இறங்குவதும் இதே ஹார்மோனால்தான்.

இதன் பெரிய நன்மை, உடம்பில் நிலைக்காது. சில நிமிடங்களிலேயே பாதி கரைந்துபோகும். வலி அளவுக்கு மீறினால் ட்ரிப்ஸை நிறுத்தினால் போதும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். நிமிடத்துக்கு 1 அல்லது 2 மில்லி யூனிட் என்று துளித்துளியாகத் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். 10 நிமிடத்துக்கு 3 அல்லது 4 வலி என்ற தாளத்துக்கு வந்தால் அதே அளவில் நிறுத்திக்கொள்வார்கள். 5-க்கு மேல் போனால் குறைப்பார்கள். ஏனென்றால் கர்ப்பப்பை இறுகும் ஒவ்வொரு முறையும் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இரண்டு வலிக்கு நடுவில் இருக்கும் ஓய்வில்தான் குழந்தை மூச்சு வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை பிறப்பதற்கு முன்னால், வீட்டிலோ சின்ன கிளினிக்கிலோ, இடுப்பில் அல்லது தொடையில் ‘வலி வர ஒரு ஊசி’ போடுகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். தசையில் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது, குறைக்கவும் முடியாது. குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கைத் தடுக்க அதே மருந்தை 10 யூனிட் தொடையில் போடுவார்கள். அது அவசியமான ஊசி, மறுக்க வேண்டாம். மருந்து ஒன்றுதான், பிறப்புக்கு முன்னாலா பின்னாலா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விளக்கெண்ணெய் குடிப்பதும் வேண்டாம். வயிற்றுப்போக்கில் உடம்பு தளர்ந்து, மலைப்பாதையில் வாந்தியோடு வந்து சேரும் பெண்ணுக்கு முக்கி எடுக்கத் தெம்பு எங்கே இருக்கும்?

ட்ரிப்ஸில் வரும் வலி தானாக வரும் வலியைவிடச் சீக்கிரமாகவே உக்கிரமாகும் என்று பல பெண்கள் சொல்கிறார்கள். அதை நான் மறைக்கப்போவதில்லை. வலி குறைக்க என்ன வசதி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். பிரசவத் துணைக்கு அம்மாவோ அக்காவோ கூட இருக்கலாமா என்றும் கேளுங்கள். முதுகை நீவிவிட ஒரு கை இருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருக்கும். முதல் பிரசவமாக இருந்தால் நேரமும் ஆகும். ட்ரிப்ஸ் போட்டு 5 மணி நேரம் ஆச்சு, இன்னும் ஒன்றும் ஆகலையே என்று உறவினர்கள் வாசலில் பதறுவார்கள். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், 12 முதல் 18 மணி நேரமாவது ட்ரிப்ஸ் ஓடிய பிறகே ‘பலிக்கவில்லை’ என்று முடிவெடுக்கச் சொல்கிறது மருத்துவம்.

மலையில் கிளம்புவது

சமவெளியில் “வலி வந்ததும் கிளம்பலாம்” என்றால் ஆட்டோ பிடித்து 20 நிமிடத்தில் போய்விடலாம். இங்கே அப்படியா? கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், நடுவட்டம் ஏறிப் போக வேண்டும். பந்தலூர், தேவாலாவில் ஆனி, ஆடி மழை. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை. 2009 நவம்பரில் எத்தனை இடத்தில் மண் சரிந்து சாலை துண்டானது என்று இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். இரவானால் யானை வேறு ரோட்டில் நிற்கும்.

அதனால் குடம் உடைந்ததும் மணியைக் குறித்துக்கொண்டு 108-க்கு அடியுங்கள். உங்கள் எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கும் மேடு எது என்பதை 8-ம் மாதத்திலேயே பார்த்து வையுங்கள். கிராம சுகாதார செவிலியரின் எண்ணும், ஜீப் வைத்திருக்கும் அண்ணன் எண்ணும் சுவரில் எழுதியிருக்கட்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பார்கள்தான், ஆனால் குடம் உடைந்து வலி வராத பெண்ணுக்கு ஆபரேஷன் வசதியும் ரத்தமும் உள்ள மருத்துவமனை தேவைப்படலாம். எங்கே போவது என்று செவிலியரைக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் இரண்டு பயணம் ஒன்றாகும். வண்டியில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். சுத்தமான நாப்கின் வைத்துக்கொள்ளலாம், உள்ளே எதையும் வைக்கக் கூடாது. தாய் சேய் அட்டையை மறக்காதீர்கள்.

அபூர்வமாக ஒன்று நடக்கும், தெரிந்திருக்க வேண்டும். நீர் வேகமாகக் கொட்டும்போது தொப்புள்கொடி வெளியே வழுக்கி வரலாம், தலை இன்னும் இறங்காதவர்களுக்கு முக்கியமாக. கயிறு போல ஏதாவது வெளியே தெரிந்தாலோ தட்டுப்பட்டாலோ அதைத் தொட்டு உள்ளே தள்ளாதீர்கள். தாய் முழங்காலிட்டு, மார்பைத் தரையோடு வைத்து, இடுப்பை மேலே தூக்கியபடி இருக்க வேண்டும். 108-ல் பேசும்போது இதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் தேதி குறித்தவர்கள், ஒரு வாரம் முன்னாலேயே டவுனில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு வந்து தங்கிவிடுவது நல்லது. மலைப்பகுதியில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே காத்திருப்பு அறைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

பிறந்த பிறகு

குழந்தை பிறந்து அழுதுவிட்டால் நாம் கடிகாரத்தை மறந்துவிடுவோம். குடம் உடைந்து 24 மணி நேரம் தாண்டிப் பிறந்த குழந்தை நன்றாகத் தெரிந்தாலும், முதல் 12 மணி நேரம் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். மூச்சு, உடம்புச் சூடு, நிறம், பால் குடிப்பது எல்லாம். “பிள்ளை நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வந்து வந்து பாக்குறாங்க” என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்குப் போன பிறகு முதல் வாரம் நீங்கள்தான் பார்க்க வேண்டும். இங்கே எங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல்தான் அடிக்கும் என்று இல்லை, உடம்பு சில்லிட்டும் போகும். ஊட்டிக் குளிரில் குழந்தை சில்லிட்டிருந்தால் “பனிக்காலம், அப்படித்தான் இருக்கும்” என்று இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். குழந்தையின் துணியைக் கழற்றி, உங்கள் நெஞ்சோடு தோலும் தோலும் ஒட்ட அணைத்து, மேலே கம்பளியைப் போர்த்தி ஒரு மணி நேரம் வைத்திருங்கள். குளிரால் சில்லிட்டது என்றால் சூடேறிவிடும், பாலும் குடிக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்து அப்போதும் சில்லென்றே இருந்தால் அது குளிர் இல்லை, வண்டியைக் கூப்பிடுங்கள். எழுப்பினாலும் எழாமல் பாலை மறுத்தாலும், முனகினாலும், நெஞ்சு குழி விழ மூச்சு வாங்கினாலும், அதுவும் குளிர் இல்லை. அந்த ஒரு மணி நேரம்கூடப் பார்க்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள். போனதும் அங்கே இருக்கும் சிஸ்டரிடம் குடம் உடைந்தது எப்போது, பிறந்தது எப்போது என்ற இரண்டு நேரத்தையும் முதலில் சொல்லுங்கள்.